டீபக்கர் வழியாக ஃப்ரீஆர்டாஸ் கர்னலுக்குள் பார்ப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூப்பர்லூப்பில் (எல்லா வேலையையும் ஒரே முடிவற்ற லூப்பில் ஓட்டும் முறை) பல ஆண்டுகள் ஓட்டிவிட்டு, டாஸ்குகளை மாற்றி மாற்றி ஓட்டும் நிகழ்நேர இயங்குதளமான ஆர்டாஸுக்கு மாறியவர்களும், நேரடியாக ஆர்டாஸில் கைவைத்த புதியவர்களும் என்னிடம் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கள்தான். அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பதில்கள் கார்டெக்ஸ்-எம் சிப், ஃப்ரீஆர்டாஸ் என்ற ஆர்டாஸ், ஜிடிபி என்ற டீபக்கர் ஆகிய கூட்டணியை மனதில் வைத்து எழுதியவை. மற்ற ஆர்டாஸ்கள் பற்றிக் கடைசியில் கொஞ்சம் உண்டு.

கர்னல் ஆப்ஜெக்ட்னா என்ன? டீபக்கர்ல அதை எங்க போய்த் தேடணும்?

டாஸ்க் (தனித்தனியாக ஓடும் வேலை), கியூ (மெசேஜ் வரிசை), செமஃபோர் (எண்ணிக்கை வைக்கும் சமிக்ஞை), மியூட்டெக்ஸ் (ஒரு நேரத்தில் ஒரு டாஸ்க் மட்டும் பிடிக்கும் பூட்டு), ஈவென்ட் குரூப், சாஃப்ட்வேர் டைமர் இவைதான். ஒவ்வொன்றும் ராமில் கிடக்கும் ஒரு சாதாரண சி ஸ்ட்ரக்சர். டாஸ்குக்கு டிசிபி (டாஸ்க் கன்ட்ரோல் பிளாக்) என்ற ஸ்ட்ரக்சர். கியூ, செமஃபோர், மியூட்டெக்ஸ் மூன்றுக்கும் சேர்த்து ஒரே ஸ்ட்ரக்சர். நீங்கள் கையில் வைத்திருக்கும் ஹேண்டில் என்பது அந்த ஸ்ட்ரக்சரின் முகவரிதான். ஆகவே ஹேண்டிலை டீரெஃபரன்ஸ் செய்து பிரின்ட் போட்டாலே உள்ளே இருப்பது தெரிந்துவிடும். பழைய பதிப்புகளில் ஹேண்டில் வாய்ட் பாயின்டராக இருந்ததால் காஸ்ட் செய்து பார்க்க வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாவிட்டால் 'கரன்ட் டிசிபி' என்ற குளோபல் பாயின்டரில் தொடங்குங்கள். இப்போது எந்த டாஸ்க் ஓடுகிறதோ அதன் டிசிபியை அது காட்டும். கர்னல் மூலத்தில் பெயர்களுக்கு முன்னால் பிஎக்ஸ், யூஎக்ஸ், எக்ஸ் என்று முன்னொட்டுகள் வரும். வாசிக்கச் சிரமமாக இருக்கும் என்பதால் இங்கே அவற்றை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் சொல்கிறேன்.

பத்து டாஸ்க் ஓடுது, ஆனா 'இன்ஃபோ த்ரெட்ஸ்' போட்டா ஒண்ணே ஒண்ணுதான் காட்டுது. ஏன்?

ஜிடிபிக்கு உங்கள் டாஸ்குகளைப் பற்றி எதுவும் தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரு ப்ராசஸர் கோர் மட்டுமே. டாஸ்க் பட்டியலைப் படித்து, அவற்றைத் த்ரெட்டுகள் போல ஜிடிபியிடம் காட்டுவது ஜிடிபிக்கும் சிப்புக்கும் நடுவில் இருக்கும் ஜிடிபி சர்வரின் வேலை. அந்தச் சர்வர் ஓப்பன்ஓசிடி என்றால் டார்கெட் கான்ஃபிகரேஷனில் ஆர்டாஸ் என்ற ஆப்ஷனுக்கு ஆட்டோ அல்லது ஃப்ரீஆர்டாஸ் என்று கொடுக்க வேண்டும். ஜே-லிங்க் சர்வரில் ஃப்ரீஆர்டாஸ் பிளகினைக் கமாண்ட் லைனில் குறிப்பிட வேண்டும்.

அதைச் செய்தும் வரவில்லை என்றால் மூன்று இடங்களைப் பாருங்கள். ஒன்று, எந்த டாஸ்க் ஓட வேண்டும் என்று முடிவு செய்யும் ஷெட்யூலர் தொடங்கிவிட்டதா? மெயினிலேயே நிறுத்தி வைத்திருந்தால் ஒரு டாஸ்கும் தெரியாது. இரண்டு, கனெக்ட் ஆவதற்கு முன்பே ஜிடிபியில் எல்ஃப் ஃபைலை (சிம்பல்கள் அடங்கிய பில்ட் ஃபைல்) ஏற்றினீர்களா? சர்வர் சிம்பல்களின் முகவரிகளை ஜிடிபியிடம் கேட்டுத்தான் வாங்குகிறது. மூன்றாவதில்தான் பலர் மாட்டுகிறார்கள். ஓப்பன்ஓசிடி 'டாப் யூஸ்டு ப்ரியாரிட்டி' என்ற ஒரு வேரியபிளைத் தேடும். ஃப்ரீஆர்டாஸ் அதை நடுவில் பல ஆண்டுகள் நீக்கி வைத்திருந்தது. புதிய கர்னல்களில் மறுபடி வந்திருக்கிறது. பழைய கர்னல் என்றால் ஓப்பன்ஓசிடியோடு வரும் ஒரு சின்ன சி ஃபைலை உங்கள் ப்ராஜெக்டில் சேர்க்க வேண்டும். யாரும் பயன்படுத்தாத சிம்பல் என்று லிங்கர் அதைத் தூக்கி எறியாமலிருக்க 'அன்டிஃபைன்டு' ஆப்ஷனையும் கொடுக்க வேண்டும். லிங்க் டைம் ஆப்டிமைசேஷன் போட்டிருந்தால் மற்ற சிம்பல்களும் காணாமல் போகலாம். டீபக் பில்டில் அதை அணைத்துவிடுங்கள்.

எங்க ஐடிஇல டாஸ்க் விண்டோவே இல்ல. பிளகின் இல்லாம பார்க்க முடியாதா?

முடியும். ஒருமுறையாவது அப்படிப் பார்த்தே ஆக வேண்டும் என்பது என் கட்சி. பிளகின் காட்டும் வண்ணக் கட்டம் எப்போது பொய் சொல்கிறது என்பது கையால் படித்துப் பழகியவர்களுக்குத்தான் தெரியும்.

கர்னலில் டாஸ்கின் 'நிலை' என்று தனியாக ஒரு வேரியபிள் இல்லை. அது எந்தப் பட்டியலில் இருக்கிறது என்பதுதான் அதன் நிலை. ஒவ்வொரு ப்ரியாரிட்டிக்கும் ஒரு ரெடி லிஸ்ட், ஒரு வரிசையாக. டிலேட் லிஸ்ட் இரண்டு. டிக் கவுன்ட் (கர்னலின் நேர எண்ணிக்கை) நிரம்பிச் சுழியத்துக்குத் திரும்புவதைச் சமாளிக்க இரண்டாவது. சஸ்பெண்டெட் லிஸ்ட், பெண்டிங் ரெடி லிஸ்ட், டெர்மினேஷனுக்குக் காத்திருப்போர் லிஸ்ட் ஆகியவை மீதம். ஓடிக்கொண்டிருக்கும் டாஸ்கும் தன் ரெடி லிஸ்டில்தான் இருக்கும், வெளியே எடுக்கப்படுவதில்லை.

லிஸ்டைப் படிப்பது சுலபம். முதல் ஃபீல்டு எத்தனை உறுப்பினர்கள் என்று சொல்லும். 'லிஸ்ட் எண்ட்' என்ற காவல் முனையில் தொடங்கி 'நெக்ஸ்ட்' வழியாகப் போய்க்கொண்டே இருங்கள்; மறுபடி லிஸ்ட் எண்டுக்கே வந்தால் முடிந்தது. ஒவ்வொரு ஐட்டத்தின் 'ஓனர்' ஃபீல்டும் ஒரு டிசிபியைக் காட்டும். அதை டிசிபி டைப்புக்குக் காஸ்ட் செய்து டாஸ்க் பெயரைப் பாருங்கள். டிலேட் லிஸ்டில் ஐட்டத்தின் 'வேல்யூ' என்பது அந்த டாஸ்க் எழ வேண்டிய டிக். நாலு முறை கையால் செய்தபின் ஜிடிபியின் பைத்தானில் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் சஸ்பெண்ட் பண்ணவே இல்ல, ஆனா டாஸ்க் சஸ்பெண்டெட் லிஸ்ட்ல கிடக்கு. இது 'பக்' தானா?

பெரும்பாலும் இல்லை. சஸ்பெண்ட் வசதி கான்ஃபிக்கில் இயக்கப்பட்டிருக்கும்போது, காலவரம்பு இல்லாமல் 'போர்ட் மேக்ஸ் டிலே' கொடுத்துக் காத்திருக்கும் டாஸ்கைக் கர்னல் சஸ்பெண்டெட் லிஸ்டில்தான் போடுகிறது. அதற்கு எழும் நேரம் என்று ஒன்று இல்லாததால் டிலேட் லிஸ்டில் இடமில்லை.

பிரித்துப் பார்க்க, டிசிபியில் உள்ள 'ஈவென்ட் லிஸ்ட் ஐட்டம்' என்பதன் 'கண்டெய்னர்' ஃபீல்டைப் பாருங்கள். அதில் முகவரி இருந்தால் டாஸ்க் எதற்கோ காத்திருக்கிறது. 'நல்' (எதையும் காட்டாத சுழிய முகவரி) என்றால் 'நோட்டிஃபை ஸ்டேட்' ஃபீல்டையும் பார்க்க வேண்டும், ஏனென்றால் டாஸ்க் நோட்டிஃபிகேஷனுக்குக் காத்திருப்பவர்கள் எந்த ஈவென்ட் லிஸ்டிலும் சேர்வதில்லை. அதில் 1 இருந்தால் நோட்டிஃபிகேஷனுக்குக் காத்திருக்கிறது. அதுவும் இல்லையென்றால்தான் யாரோ நிஜமாகவே சஸ்பெண்ட் செய்திருக்கிறார்கள். 10.4 பதிப்பிலிருந்து நோட்டிஃபை ஸ்டேட் ஒரு வரிசையாகிவிட்டது. எல்லா இடங்களையும் பாருங்கள்.

சரி, எதுக்காகக் காத்திருக்குன்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது?

முந்தைய பதிலில் சொன்ன கண்டெய்னர் முகவரிதான் துப்பு. கியூவில் அனுப்பக் காத்திருப்போர், வாங்கக் காத்திருப்போர் என இரண்டு லிஸ்டுகள் கியூ ஸ்ட்ரக்சருக்கு உள்ளேயே இருக்கின்றன. கண்டெய்னர் அவற்றில் ஒன்றின் முகவரி. அதிலிருந்து அந்த லிஸ்டின் ஆஃப்செட்டைக் கழித்தால் கியூவின் முகவரி வந்துவிடும். 32 பிட் சிப்பில், வழக்கமான கான்ஃபிக்கில், அனுப்புவோர் லிஸ்ட் 16-ஆவது பைட்டிலும் வாங்குவோர் லிஸ்ட் 36-ஆவது பைட்டிலும் தொடங்கும். நம் கணக்கை நம்ப வேண்டாம் என்றால் ஜிடிபியிடமே ஆஃப்செட்டைக் கேட்கலாம்.

கிடைத்த முகவரி எந்தக் கியூ என்று தெரியாமல் விழிப்பதற்குத்தான் 'கியூ ரெஜிஸ்ட்ரி' இருக்கிறது. கியூவுக்குப் பெயர் கொடுத்து அதில் பதிந்துவைக்கலாம். டீபக்கருக்காகவே இருக்கும் வசதி அது; கர்னல் அதை வேறெதற்கும் பயன்படுத்துவதில்லை. எத்தனை இடம் என்று கான்ஃபிக்கில் சொல்ல வேண்டும். ஒரு பெயருக்கு எட்டு பைட்டுதான் செலவாகும், தயங்காமல் எல்லாவற்றையும் பதிந்துவையுங்கள்.

ஸ்ட்ரக்சர் ஒண்ணுதான்னா, பார்க்கிறது கியூவா செமஃபோரா மியூட்டெக்ஸான்னு எப்படித் தெரியும்?

'ஐட்டம் சைஸ்' சுழியம் என்றால் அது செமஃபோர் அல்லது மியூட்டெக்ஸ். அதிலும் 'ஹெட்' பாயின்டர் 'நல்' ஆக இருந்தால் மியூட்டெக்ஸ். 'மெசேஜஸ் வெயிட்டிங்' என்பது கியூவில் எத்தனை மெசேஜ் என்றும், செமஃபோரில் எண்ணிக்கை என்றும் பொருள்படும். மியூட்டெக்ஸில் 1 என்றால் சும்மா இருக்கிறது, 0 என்றால் யாரோ எடுத்திருக்கிறார்கள். எடுத்தவர் யார் என்பது யூனியனுக்குள் 'மியூட்டெக்ஸ் ஹோல்டர்' என்ற ஃபீல்டில். மியூட்டெக்ஸ் அல்லாதவற்றில் அதே இடத்தில் கியூவின் வால் பாயின்டர் இருக்கும். அதை டிசிபி என்று நினைத்துக் காஸ்ட் செய்து குழம்பாதீர்கள்.

இப்ப ஓடாத டாஸ்க் எந்த வரியில நிக்குதுன்னு பார்க்கணும். பேக்ட்ரேஸ் எடுக்க முடியுமா?

த்ரெட் பட்டியல் வேலை செய்தால் அந்தத் த்ரெட்டுக்கு மாறி பேக்ட்ரேஸ் (ஃபங்ஷன் அழைப்புகளின் வரிசை) போட்டால் போதும். கியூ ரிசீவ், அதற்கு மேலே உங்கள் ஃபங்ஷன் என்று வரும்.

கையால் செய்ய வேண்டுமானால் டிசிபியின் முதல் ஃபீல்டான 'டாப் ஆஃப் ஸ்டாக்' காட்டும் இடத்திலிருந்து படியுங்கள். கார்டெக்ஸ்-எம்3-இல் முதல் எட்டு வேர்டுகள் ஆர்4 முதல் ஆர்11 வரை. இவற்றைக் கர்னல் சேமித்தது. அடுத்த எட்டை ஹார்ட்வேரே சேமித்தது: ஆர்0 முதல் ஆர்3, ஆர்12, எல்ஆர், பிசி (டாஸ்க் தொடர வேண்டிய இடத்தின் முகவரி), எக்ஸ்பிஎஸ்ஆர். சுழியத்திலிருந்து எண்ணினால் பிசி 14-ஆவது வேர்டு. எம்4எஃப் போர்ட்டில் ஆர்11-க்குப் பிறகு இன்னொரு வேர்டும் இருக்கும், எக்ஸ்செப்ஷன் ரிட்டர்ன் மதிப்பு. அதனால் பிசி 15-க்குத் தள்ளிப்போகும். அந்த மதிப்பு ஹெக்ஸில் 'ஈடி' என்று முடிந்தால் டாஸ்க் ஃப்ளோட்டிங் பாயின்டைப் பயன்படுத்தியிருக்கிறது. அப்போது எஸ்16 முதல் எஸ்31 வரை நடுவில் பதினாறு வேர்டுகள் நுழைந்து, பிசி 31-க்குப் போய்விடும். 'எஃப்டி' என்று முடிந்தால் அந்தப் பதினாறு கிடையாது. டாஸ்க் பட்டியலில் சில டாஸ்குகளின் பேக்ட்ரேஸ் மட்டும் குப்பையாக வந்தால், சர்வர் இந்த வித்தியாசத்தைக் கவனிக்கவில்லையோ என்று முதலில் சந்தேகப்படுங்கள்.

ஓடிட்டிருக்கிற டாஸ்குக்கு மட்டும் டாப் ஆஃப் ஸ்டாக் பொருந்தவே மாட்டேங்குது?

பொருந்தாது. அந்த ஃபீல்டு டாஸ்க் வெளியே போகும்போது மட்டுமே எழுதப்படுகிறது. ஓடும் டாஸ்குக்கு அது கடந்தமுறை வெளியே போனபோது இருந்த பழைய மதிப்பு. இப்போதைய உண்மை டாஸ்குகளின் ஸ்டாக் பாயின்டரான பிஎஸ்பி ரெஜிஸ்டரில் இருக்கிறது. ஹார்ட்ஃபால்ட்டில் (சிப் எழுப்பும் கடும் பிழை) நின்றிருக்கும்போது குறிப்பாக இதை மறக்க வேண்டாம்: ஹேண்ட்லர் எம்எஸ்பி என்ற இன்னொரு ஸ்டாக் பாயின்டரில் ஓடுகிறது, விழுந்த டாஸ்கின் ஃப்ரேம் பிஎஸ்பியில் இருக்கிறது.

ஸ்டாக் எவ்வளவு தின்னிருக்குன்னு டீபக்கர்லயே பார்க்கலாமா? ஓவர்ஃப்ளோவைக் கையும் களவுமா பிடிக்க வழி உண்டா?

ஸ்டாக் ஓவர்ஃப்ளோ சோதனையின் இரண்டாம் முறையோ, ட்ரேஸ் வசதியோ, ஹை வாட்டர் மார்க் ஃபங்ஷனோ (ஸ்டாக்கில் மிகக் குறைந்த மிச்சத்தைச் சொல்வது) இயக்கத்தில் இருந்தால், டாஸ்க் உருவாகும்போதே ஸ்டாக் முழுவதும் ஏ5 என்ற ஹெக்ஸ் பைட்டால் நிரப்பப்படும். டிசிபியின் 'ஸ்டாக்' ஃபீல்டு கீழ்முனையைக் காட்டும். அங்கிருந்து மெமரி டம்ப் எடுத்து ஏ5 எதுவரை கலையாமல் இருக்கிறது என்று பாருங்கள், அதுதான் மிச்சம். மேல்முனை டிசிபியில் இருக்காது; வேண்டுமென்றால் 'ரெக்கார்ட் ஸ்டாக் ஹை அட்ரஸ்' கான்ஃபிக்கை 1 ஆக்குங்கள்.

பிடிப்பதற்கு எனக்கு மிகவும் பிடித்த வழி, ஸ்டாக்கின் கீழ்முனை வேர்டில் ஒரு ஹார்ட்வேர் வாட்ச்பாயின்ட். கர்னலின் சோதனை டாஸ்க் மாறும்போதுதான் நடக்கும், அதற்குள் சேதம் ஆகி முடிந்திருக்கும். வாட்ச்பாயின்டோ எழுதிய வரியிலேயே நிற்கும். ஹை வாட்டர் மார்க் ஃபங்ஷன் படிக்க மட்டுமே செய்வதால் அது இதைக் கிளப்பாது. ஃபங்ஷனுக்குள் பெரிய லோக்கல் வரிசை வைத்து அதன் நடுவில் மட்டும் எழுதினால் அந்த வேர்டைத் தாண்டிக் குதித்துவிடலாம் என்பது ஒரு ஓட்டை. எம்3, எம்4 சிப்புகளில் வழக்கமாக நாலு வாட்ச்பாயின்டுகள்தான் என்பதையும் நினைவில் வையுங்கள். சந்தேகப்படும் டாஸ்குக்கு மட்டும் போடுங்கள்.

பிரேக்பாயின்ட்ல நின்ன கொஞ்ச நேரத்துல போர்டு ரீசெட் ஆயிடுது.

வாட்ச்டாக், அதாவது மென்பொருள் உறைந்தால் சிப்பை ரீசெட் செய்யும் டைமர். கோர் நின்றாலும் அது தன் பாட்டுக்கு ஓடும். எஸ்டிஎம்32எஃப்4-இல் டீபக் எம்சியூ பிரிவின் ஏபிபி1 ஃப்ரீஸ் ரெஜிஸ்டரில் 12-ஆவது பிட் இண்டிபென்டென்ட் வாட்ச்டாகையும், 11-ஆவது பிட் விண்டோ வாட்ச்டாகையும் நிறுத்தி வைக்கும். கர்னலுக்கு டிக் தரும் சிஸ்டிக் டைமர் மட்டும் கோர் நிற்கும்போது தானாக நின்றுவிடும். அதனால் டிக் கவுன்ட் உங்களோடு சேர்ந்தே நிற்கும், டாஸ்குகளின் டிலே கெடாது. ஆனால் யுஆர்ட்டும் டிஎம்ஏவும் வெளியுலகமும் நிற்காது. கண்டினியூ கொடுத்ததும் வரும் டைம்அவுட் பிழைகளை நிஜ பக் என்று துரத்தாதீர்கள்.

ஒரு வரி ஸ்டெப் பண்ணினா வேற டாஸ்க்குக்குத் தாவுது.

நடுவில் இன்டரப்ட் வந்து ஷெட்யூலர் மாற்றிவிட்டது. ஓப்பன்ஓசிடியின் 'மாஸ்க் ஐஎஸ்ஆர்' ஆப்ஷனில் ஸ்டெப் செய்யும்போது மட்டும் இன்டரப்டை மறைக்கலாம். ஒரே டாஸ்குக்கான பிரேக்பாயின்டும் ஜிடிபியில் உண்டு. ஆனால் மற்ற டாஸ்குகள் அந்த வரியைத் தொடும்போதும் கோர் நின்றுதான் கிளம்பும். அடிக்கடி ஓடும் ஃபங்ஷனில் வைத்தால் டைமிங் மொத்தமாகக் கெட்டுவிடும்.

டிலே முடிஞ்சு ரொம்ப நேரமாச்சு, டாஸ்க் இன்னும் டிலேட் லிஸ்ட்லயே இருக்கு. எப்படி?

இரண்டு முறை நிறுத்தி, இரண்டு முறையும் டிக் கவுன்டைப் பாருங்கள். அது நகரவே இல்லை என்றால் டிக் வருவதில்லை, அல்லது வந்தும் கணக்கில் ஏறவில்லை. 'ஷெட்யூலர் சஸ்பெண்டெட்' வேரியபிள் சுழியம் அல்லாமல் இருந்தால், எங்கோ ஷெட்யூலரை நிறுத்திவிட்டுத் திரும்பத் தொடங்கவில்லை. வந்த டிக்குகள் 'பெண்டெட் டிக்ஸ்' என்பதில் குவிந்திருக்கும். அந்த நேரம் இன்டரப்டால் எழுப்பப்பட்ட டாஸ்குகள் பெண்டிங் ரெடி லிஸ்டில் இருக்கும். ஷெட்யூலர் சரியாக இருந்து, இன்டரப்டுகளை மறைக்கும் பேஸ்ப்ரை ரெஜிஸ்டர் எப்போதும் சுழியமல்லாமல் இருந்தால், க்ரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் போன யாரோ வெளியே வரவில்லை. இடையில் ரிட்டர்ன் ஆகும் ஃபங்ஷன்களைத் தேடுங்கள்.

எல்லாம் உறைஞ்சு போச்சு. டெட்லாக்கா, ப்ரியாரிட்டி இன்வர்ஷனா?

முதலில் கரன்ட் டிசிபி யார் என்று பாருங்கள். எப்போது நிறுத்தினாலும் ஐடில் டாஸ்க் (வேறு யாரும் ஓடத் தயாராக இல்லாதபோது ஓடுவது) என்றால் எல்லோரும் காத்திருக்கிறார்கள். காத்திருக்கும் டாஸ்கிலிருந்து, முன்பு சொன்ன கண்டெய்னர் வழியில் மியூட்டெக்ஸுக்குப் போங்கள், அங்கிருந்து ஹோல்டருக்கு, ஹோல்டரும் காத்திருந்தால் அதன் கண்டெய்னருக்கு. சுற்றி வந்து தொடங்கிய டாஸ்கிலேயே முடிந்தால் டெட்லாக், சந்தேகமே இல்லை. சுற்றாமல் ஒரு சாதாரணக் கியூவில் முடிந்தால் டெட்லாக் இல்லை, யாரோ அனுப்ப வேண்டியதை அனுப்பவில்லை.

இன்வர்ஷனில் (தாழ்ந்த டாஸ்கால் உயர்ந்த டாஸ்க் தடைபடுவது) படம் வேறு. ஹோல்டர் காத்திருக்காது, ரெடி லிஸ்டில் இருந்தும் ஓட முடியாமல் இருக்கும், ஓடுவது நடுத்தர ப்ரியாரிட்டி டாஸ்க் ஒன்று. ஃப்ரீஆர்டாஸ் மியூட்டெக்ஸில் ப்ரியாரிட்டி இன்ஹெரிடன்ஸ் (காத்திருக்கும் உயர் டாஸ்கின் ப்ரியாரிட்டியை ஹோல்டருக்குத் தற்காலிகமாகக் கொடுப்பது) உண்டு என்பதால் ஹோல்டரின் 'ப்ரியாரிட்டி' அதன் 'பேஸ் ப்ரியாரிட்டி'யை விட உயர்ந்திருக்க வேண்டும். உயரவில்லையா? பூட்டாகப் பயன்படுத்தியது பைனரி செமஃபோராக இருக்கும். அதில் இன்ஹெரிடன்ஸ் கிடையாது, ஹோல்டர் பதிவும் கிடையாது.

1997 ஜூலை 4-இல் செவ்வாயில் இறங்கிய பாத்ஃபைண்டர் விண்கலம் அடிக்கடி ரீசெட் ஆனதும் இதே கதைதான். அதில் ஓடிய விஎக்ஸ்வொர்க்ஸ் என்ற ஆர்டாஸில் வானிலைத் தரவு டாஸ்க் பிடித்திருந்த மியூட்டெக்ஸுக்கு உயர் ப்ரியாரிட்டி பஸ் டாஸ்க் காத்திருக்க, நடுத்தர டாஸ்குகள் புகுந்துகொண்டன. அந்த மியூட்டெக்ஸில் இன்ஹெரிடன்ஸ் அணைத்து வைக்கப்பட்டிருந்தது. நாசாவின் ஜேபிஎல் குழு பூமியில் இருந்த மாதிரியில் ட்ரேஸ் எடுத்துப் பிரச்சினையை மீண்டும் வரவழைத்தது, பிறகு இன்ஹெரிடன்ஸை இயக்கும் மாற்றத்தைச் செவ்வாய்க்கு அனுப்பியது. டீபக் வசதிகளை ரிலீஸ் பில்டில் முழுதாக உரித்து எறியாததற்குக் கிடைத்த பலன் அது.

எப்ப நிறுத்தினாலும் 'வி லிஸ்ட் இன்சர்ட்'டுக்குள்ள லூப்ல நிக்குது. கர்னல் பக் தானே?

இல்லை. அது லிஸ்டில் ஐட்டத்தைச் சேர்க்கும் கர்னல் ஃபங்ஷன். லிஸ்ட் ஒன்றின் நெக்ஸ்ட் பாயின்டர் கெட்டுப்போய், காவல் முனைக்கு வராமல் சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த லூப்புக்கு மேலேயே கர்னலை எழுதியவர்கள் காரணங்களைக் கமென்டாகக் கொடுத்திருக்கிறார்கள்: ஸ்டாக் ஓவர்ஃப்ளோ, தவறான இன்டரப்ட் ப்ரியாரிட்டி, க்ரிட்டிக்கல் செக்‌ஷனுக்குள் ஏபிஐ அழைப்பு, உருவாக்கும் முன்பே கியூவைப் பயன்படுத்துவது. கேட்பவர்களில் பாதிப்பேர் அந்தக் கமென்டை ஸ்க்ரோல் செய்து தாண்டியிருப்பார்கள்.

கார்டெக்ஸ்-எம்மில் நான் முதலில் பார்ப்பது இன்டரப்ட் ப்ரியாரிட்டியை. என்விக்கில் (சிப்பின் இன்டரப்ட் கன்ட்ரோலர்) எதுவும் அமைக்காவிட்டால் ப்ரியாரிட்டி 0, அதாவது மிக உயர்ந்தது. கர்னல் தன் லிஸ்டுகளைத் தொடும்போது, கான்ஃபிக்கில் சொன்ன எல்லைக்குக் கீழ்ப்பட்ட இன்டரப்டுகளை மட்டுமே மறைக்கிறது. பல டெமோக்களில் அந்த எல்லை 5. ப்ரியாரிட்டி 0 ஐஎஸ்ஆர் (இன்டரப்ட் வரும்போது ஓடும் ஃபங்ஷன்) நடுவில் புகுந்து 'ஃப்ரம் ஐஎஸ்ஆர்' ஏபிஐயை அழைத்தால் லிஸ்ட் பாதி எழுதிய நிலையில் மாட்டிக்கொள்ளும். என்விக் ப்ரியாரிட்டி ரெஜிஸ்டர்களை டீபக்கரிலேயே படித்துப் பாருங்கள். எம்3, எம்4, எம்7-இல் கான்ஃபிக் அசர்ட்டை இயக்கி வைத்தால் கர்னலே இதைப் பிடித்துக் கொடுக்கும்.

நிறுத்தாமலே பார்க்க முடியாதா? மோட்டார் ஓடிட்டிருக்கு, நிறுத்தினா ஆபத்து.

கார்டெக்ஸ்-எம்மில் கோர் ஓடும்போதே ப்ரோப் (கணினியைச் சிப்போடு இணைக்கும் டீபக் கருவி) மெமரியைப் படிக்க முடியும். டிக் கவுன்ட், கியூவின் மெசேஜ் எண்ணிக்கை, ஹீப் 4 என்ற மெமரி ஒதுக்கீட்டு முறையின் 'மினிமம் எவர் ஃப்ரீ பைட்ஸ்' போன்ற ஒற்றை வேர்டுகளுக்கு இது அருமை. லிஸ்டை மட்டும் அப்படிப் படிக்காதீர்கள். ஒரு ஐட்டத்திலிருந்து அடுத்ததற்குப் போவதற்குள் டாஸ்க் வேறு லிஸ்டுக்குப் போயிருக்கும். வரும் படம் எந்தக் கணத்திலும் இருந்திராத ஒன்று. டாஸ்குகள் மாறிய வரிசையே தேவையென்றால் சிஸ்டம்வியூ, ட்ரேசலைசர் போன்ற ட்ரேஸ் கருவிகளுக்குப் போங்கள்.

டிலீட் பண்ணின டாஸ்க் இன்னும் தெரியுதே?

தன்னைத்தானே டிலீட் செய்த டாஸ்கின் மெமரியை ஐடில் டாஸ்க்தான் விடுவிக்கும். அதுவரை டெர்மினேஷன் லிஸ்டில் இருக்கும். அங்கே கூட்டம் சேர்ந்துகொண்டே போனால் ஐடிலுக்கு ஓட நேரமே கிடைக்கவில்லை.

இதெல்லாம் ரெண்டு கோர் சிப்லயும், ஜெஃபிர், த்ரெட்எக்ஸ் மாதிரி வேற ஆர்டாஸ்லயும் செல்லுமா?

2023 டிசம்பரில் வந்த ஃப்ரீஆர்டாஸ் 11-இல் பல கோர் ஆதரவு மூலக் கர்னலிலேயே சேர்ந்தது. அப்படிக் கட்டினால் கரன்ட் டிசிபி ஒற்றைப் பாயின்டர் அல்ல, கோருக்கு ஒன்றாக வரிசை. பழைய ஸ்கிரிப்டுகள் அங்கே உடையும்.

ஜெஃபிரில் 'டீபக் த்ரெட் இன்ஃபோ' என்ற கான்ஃபிக்கை இயக்கினால்தான் ஓப்பன்ஓசிடிக்குத் த்ரெட்டுகள் தெரியும். த்ரெட்எக்ஸில் உருவான எல்லாத் த்ரெட்டுகளும் ஒரே வட்டப் பட்டியலில், 'த்ரெட் கிரியேட்டெட் பாயின்டர்' என்ற குளோபலிலிருந்து தொடங்கும். அங்கே ஸ்டாக் நிரப்பும் பைட் ஏ5 அல்ல, ஈஎஃப். ஒவ்வொரு த்ரெட் ஸ்ட்ரக்சரின் தொடக்கத்திலும் டி, எச், ஆர், டி என்ற நாலு எழுத்துகளின் ஆஸ்கி மதிப்பு அடையாளமாக இருப்பதால், சிம்பல் ஃபைல் தொலைந்த மெமரி டம்பில்கூட அதைத் தேடித் த்ரெட்டுகளைக் கண்டுபிடித்துவிடலாம்.